எழுதிக் கொடுத்ததும் எழுதி வாங்கியதும்

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரத்தில் நாம் சாட்சிக் கையெழுத்து இட்டோம். தாமிரபரணிக் கரையூர் ஒன்றின் சார்பதிவாளர் அலுவலகம். வைகாசி வெயில். உறவில் நமக்கு ஆச்சி முறையாகும் எழுபத்தெட்டு வயது மூதாட்டி, கண்புரை அறுவைக்குப் பின் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தெருவீடும் ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு நஞ்சையும் சென்னையில் இருக்கும் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்டாகப் பதிவாக வேண்டும். அந்த மகன் நமக்கு மாமா. ‘தமிழ்ப் பேராசிரியர் கையெழுத்து இருந்தால் பத்திரத்துக்கே ஒரு கௌரவம்’ என்றார் அவர். அந்தக் கௌரவத்தை வழங்குவதில் நமக்கும் கூச்சம் ஏதும் இருக்கவில்லை. ஆச்சியின் இரண்டு பெண்மக்களும் வந்திருக்கவில்லை. ஏன் வரவில்லை என்று நாம் கேட்கவுமில்லை.

அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: ‘இது நீங்க போட்ட கையெழுத்துதானம்மா?’ ஆச்சி தலையசைத்தார். புகைப்படம், விரல்ரேகை, முடிந்தது. நான்கு நிமிடம் ஆகியிருக்கலாம். பத்திரத்திலோ, யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி நல்ல நினைவோடும் முழு மனத்தோடும் ஆச்சி எழுதிக் கொடுத்ததாக இருந்தது. எல்லாத் தானப் பத்திரங்களிலும் இருக்கும் வரிதான். படியிறங்கும்போது நம் முழங்கையைப் பிடித்துக்கொண்டே ஆச்சி கேட்டார்: ‘ஏ ஐயா, இனியும் அந்த வீட்டுல நான் இருக்கலாம்லா?’ நாம் சிரித்தோம். ‘என்ன ஆச்சி, அது உங்க வீடுல்லா’ என்றோம். சொன்ன கணத்தில் அது பொய்யாகி நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

இந்தக் குற்ற உணர்வே சட்ட நூல்களின் பக்கம் நம்மைத் திருப்பியது. தமிழ் படித்தவர் சட்டம் பேசுவதா என்று வழக்கறிஞ நண்பர்கள் முறுவலிக்கலாம். ஆனால் நாம் பேசவந்த சிக்கல் இரண்டு வினைச்சொற்களைப் பற்றியது. அந்த வகையில் அது நமது துறைக்குள்ளும் வருகிறது.

பத்திரம் ‘எழுதிக் கொடுத்தேன்’ என்கிறது. தெரு ‘எழுதி வாங்கிட்டான்’ என்கிறது. இரண்டும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றன. அதே மேசை, அதே மை, அதே கட்டைவிரல். எழுவாய் மட்டும் மாறுகிறது. முதல் வாக்கியத்தில் செய்தவள் தாய். இரண்டாவதில் செய்தவன் மகன். ‘என்னிடமிருந்து எழுதி வாங்கப்பட்டது’ என்று பத்திர எழுத்தர் எவரும் இதுவரை ஒரு பத்திரம் எழுதியதில்லை. ஆங்கிலேயச் சட்டம் வகுத்து நமக்கும் விட்டுச்சென்ற ‘தகாச் செல்வாக்கு’ என்னும் கோட்பாட்டின் வேலை, இவ்விரு வினைகளுள் எது உண்மை என்று கண்டறிவதே.

இங்கிலாந்தில் 1807-இல் ஹியூகனின் எதிர் பேஸ்லி என்றொரு வழக்கு. கைம்பெண் ஒருத்தி தன் சொத்தைத் தனக்கு வழிகாட்டிவந்த பாதிரியார் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். நீதிபதி எல்டன் பிரபு அங்கே கேள்வியைத் திருப்பிப் போட்டார். தான் செய்வது இன்னதென்று அவள் அறிந்திருந்தாளா என்பதன்று வினா; அந்த எண்ணம் அவள் உள்ளத்தில் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதே வினா என்றார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் அலுவலகங்களில் முதல் வினாவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதையும் அரைகுறையாக. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதிகாரியைப் பார்க்கச் சொல்வது வந்திருப்பவர் அவர்தானா, கையெழுத்து அவருடையதா என்ற அளவில்தான். சாட்சிக்கோ அந்தப் பொறுப்பும் இல்லை. எழுதுபவர் ஒப்பமிட்டதைக் கண்டால் போதும். பத்திரத்தின் உள்ளடக்கம்கூடச் சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்திருந்தது. அது நம் தவற்றைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

எல்டன் பிரபுவின் வழியில் வந்ததுதான் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஒருவர் மற்றவரின் மனத்தை ஆளத்தக்க நிலையில் இருந்து, அந்நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெற்றால் அது தகாச் செல்வாக்கு என்கிறது. முதுமையாலோ நோயாலோ மனத்துயராலோ தளர்ந்தவரோடு செய்துகொள்ளும் உடன்பாடும் இதில் அடங்கும். சட்டம் இயற்றியவர்கள் தாமே சில எடுத்துக்காட்டுகளையும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தபோது ஓர் இலக்கிய மாணவருக்குரிய வியப்பு நமக்கு ஏற்பட்டது. முதல் எடுத்துக்காட்டில், வயதுவந்த மகனிடம் தந்தை தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திக் கூடுதல் தொகைக்குக் கடன் பத்திரம் எழுதி வாங்குகிறார். இரண்டாவதில், நோயாலோ முதுமையாலோ தளர்ந்தவரிடம் மருத்துவர் அளவுக்கு மீறிய ஊதியத்துக்கு ஒப்புதல் வாங்குகிறார். அதே ஆண்டில் வந்த சாட்சியச் சட்டத்தின் 111-ஆம் பிரிவிலும் இதே கதைதான். அப்போதுதான் வயதுக்கு வந்த மகன் தந்தைக்கு நிலத்தை விற்றால், நேர்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு தந்தையுடையது. (அச்சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது.)

ஆக, 1872-இல் சட்டம் கற்பனை செய்த குடும்பத்தில் எழுதி வாங்குகிறவர் தந்தை. யயாதி புருவிடம் இளமையை வாங்கிக்கொண்ட கதைதான் அது. கொடுத்த மகனைப் புராணம் புகழ்கிறது. சட்டம் மட்டும் தந்தையைப் பார்த்து ‘நீ எப்படி வாங்கினாய்?’ என்று கேட்கத் துணிகிறது. ஆனால் எழுபத்தெட்டு வயதுத் தாயும் ஐம்பது வயது மகனும் அந்த எடுத்துக்காட்டுகளில் எங்குமே இல்லை. அக்காலத்தில் முதியோர் ஏமாறவில்லை என்று இதற்குப் பொருளன்று. சொத்தைப் பிடித்திருந்த கைகள் வேறாக இருந்தன. முதியவளிடம் தனிப்பட்டா நிலமும் வீடும் இருப்பதும், மகனுக்கு வேறூரில் மாதத்தவணையும் அடுக்ககக் கனவும் இருப்பதும் பின்னால் வந்தவை. இங்கிலாந்திலும் நிலை ஏறக்குறைய இதுவே. இளம் பிள்ளையிடமிருந்து பெற்றோர் பெறும் கொடையில் செல்வாக்கு உண்டென்று நீதிமன்றம் தானாகவே கருதிக்கொள்ளும். முதிய பெற்றோரிடமிருந்து வளர்ந்த பிள்ளை பெறும் கொடைக்கு அந்தச் சலுகை இல்லை. தாய் மகனை நம்பித்தான் எல்லாவற்றையும் ஒப்படைத்திருந்தாள் என்பதைச் சான்றுகளால் காட்டியாக வேண்டும்.

நம் உச்ச நீதிமன்றமும் 1966-இல் தாத்தா பேரனுக்கு எழுதிய தானம் ஒன்றில், உறவையும் முதுமையையும் மட்டும் வைத்துச் செல்வாக்கை ஊகித்துவிட முடியாது என்றது. 2003-இல், நூறு வயதைக் கடந்த, எழுத்தறியாத, உடல் நலிந்த ஒருவரின் பத்திரம் வந்தபோது, வாங்கியவர்தான் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. இரண்டுக்கும் இடையில்தான் நம் ஆச்சிகள் எல்லாரும் இருக்கிறார்கள். நூறு வயதும் ஆகவில்லை, நினைவும் தப்பவில்லை, கையெழுத்தும் போடுவார்கள்.

அச்சுறுத்தல் என்றால் சட்டத்துக்கு எளிதாகப் புரிகிறது. 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் அம்மிராஜு எதிர் சேஷம்மா என்ற வழக்கைத் தீர்த்தது. கணவன் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி, மனைவியையும் மகனையும் கொண்டு அவர்கள் உரிமை கோரிய சொத்தைத் தன் உடன்பிறந்தானுக்கு விடுதலை எழுதிக் கொடுக்கச் செய்திருக்கிறான். மூவருள் இரு நீதிபதிகள் அது வற்புறுத்தலே என்றனர், ஒருவர் மாறுபட்டார். வான்மீகியின் கைகேயியும் தயரதன் முன்னிலையில் நஞ்சுண்டு மடிவேன் என்றுதான் மிரட்டுகிறாள். அயோத்தியில் சார்பதிவாளர் இருந்திருந்தால் தயரதனிடமும் ‘வரம் நீங்கள் கொடுத்ததுதானே?’ என்று கேட்டு முத்திரை குத்தியிருப்பார்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் நஞ்சும் இல்லை, கயிறும் இல்லை. அங்கே நடப்பதற்கு நம் மொழியில் வேறு சொற்கள் உண்டு: கரைத்தல், மசியவைத்தல், நச்சரித்தல். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்கிறோம். ஞாயிறுதோறும் வரும் தொலைபேசி; பேரனின் படிப்புச் செலவு; ‘நாளைக்கு அக்காமாரு கேஸ் போட்டா நான் அலைய முடியாதும்மா’; பேச்சு முறுகினால் இரண்டு மாத மௌனம். இந்த மௌனம்தான் கொடிது. முதுமையில் மகனின் குரல் கேட்காத இரண்டு மாதம் என்பது என்னவென்று அங்கே தனியாக விளக்கேற்றுகிறவருக்குத்தான் தெரியும். ஆச்சி கடைசியில் சொன்னது நமக்கு நினைவிருக்கிறது: ‘அவனுக்குத்தான எல்லாம்? இப்பம் எழுதுனா என்ன, பொறவு எழுதுனா என்ன? ஒரு நிம்மதியாவது கெடைக்கும்லா.’

இந்த நிம்மதிக்குச் சட்டத்தில் ஓரிடம் உண்டு என்று அறிந்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, எழுதுபவரின் சுதந்திரத்தையே பறிக்கும் அளவுக்கான நச்சரிப்பால் எழுந்த உயில் செல்லாது என்கிறது. அதன் எடுத்துக்காட்டு ஒன்றில், தளர்ந்த ஒருவர் பிறர் தொல்லையைப் பொறுக்கமாட்டாமல், அமைதியை விலைகொடுத்து வாங்கவே பணிந்து உயில் எழுதுகிறார், அது செல்லாது. சட்டத்தை எழுதியவன் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். ஆனால் அந்தப் பிரிவு உயிலுக்கானது. உயிரோடிருக்கும்போதே செய்யும் தானத்துக்கு அப்படித் தெளிவான வரி இல்லை. 16-ஆம் பிரிவின் பொதுச் சொற்களுக்குள் அதைத் தேடியெடுக்க வேண்டும்.

உயில் என்றதும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ‘அவனுக்குத்தான எல்லாம்’ என்பது உண்மையானால், உயில் எழுதினால் போதாதா? உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது. பதிவும் கட்டாயமில்லை. ஆச்சி இருக்கும்வரை வீடு ஆச்சியுடையது, பின்னர் மகனுடையது. ஆயினும் நம் பக்கத்து மகன்கள் உயிலோடு நிறைவடைவதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்: உயிலை மாற்றி எழுதலாம். அந்த ‘மாற்றி எழுதலாம்’ என்பதுதான் ஆச்சியின் இடுப்பில் இருக்கும் கடைசிச் சாவி. தானத்தில் வீட்டோடு அந்தச் சாவியும் போய்விடுகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, முறையாகக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளப்பட்ட தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. விரும்பும்போது ரத்து செய்துகொள்ளலாம் என்று எழுதிவைத்தால் தானமே செல்லாது.

இதை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்ட ஒரு தீர்ப்பு உண்டு. சிங்கப்பூரிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன இஞ்சே நோரியா வழக்கு, 1928. எழுத்தறியாத மலாய் மூதாட்டி ஒருவர், தம் காரியங்கள் அனைத்தையும் பார்த்துவந்த உறவினன் ஒருவனுக்கு ஏறத்தாழச் சொத்து முழுவதையும் எழுதிக் கொடுத்தார். எழுதுமுன் ஒரு வழக்கறிஞர் அவரைக் கண்டு பேசி, விருப்பத்தோடுதான் செய்கிறாரா என்றும் கேட்டிருக்கிறார். வழக்கறிஞர் நேர்மையானவரே. ஆனால் அதுதான் மூதாட்டியின் முழுச் சொத்தும் என்பது அவருக்குத் தெரியாது. உயில் எழுதியும் அவனுக்குக் கொடுக்கலாமே என்று அவர் சொல்லவுமில்லை. இந்த இரண்டு குறைகளுக்காகத் தானம் தள்ளுபடியானது. அன்று இந்தியாவுக்கும் இறுதி நீதிமன்றம் அதுவே. இத்தீர்ப்பை விளக்கி எழுதிய ஒரே ஒரு பலகை நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் இருந்திருந்தால் எத்தனை ஆச்சிகள் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்!

பலகை இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது கட்டண விவரம். தமிழகத்தில் விற்பனைக்கு முத்திரைத்தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு. குடும்பத்தினருக்குள் செட்டில்மெண்ட் என்றால் தலா ஒரு விழுக்காடு. அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பை முத்திரைத்தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ஒரு கோடி ரூபாய் வீடும் ஐம்பதாயிரத்தில் கைமாறும். குடும்பங்களுக்கு உதவவே இச்சலுகை, அதைக் குறை சொல்லவில்லை. கொடுப்பது இவ்வளவு மலிவாக இருக்கும்போது, கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்பதற்கான செலவையும் அரசு ஏற்கலாம் என்கிறோம்.

இன்னொன்று. பத்திர எழுத்தர் அன்று மாமாவிடம், ‘அம்மாவுக்கு ஆயுள் பாத்தியதை வச்சு எழுதவா?’ என்று கேட்டார். ‘எதுக்கு வில்லங்கம்?’ என்றார் மாமா. அவர் தீய நோக்கத்தோடு சொன்னதாக நாம் நினைக்கவில்லை. ஆனால் சொல்லைக் கவனியுங்கள். தாய் தன் வீட்டில் சாகும்வரை இருக்கும் உரிமை, வில்லங்கச் சான்றில் ஒரு வரி. வங்கிக் கடனுக்கு அது தடை. மொழி இரக்கமற்றது, உண்மையைச் சொல்லிவிடுகிறது.

பெண்மக்கள் கதை தனிக் கட்டுரைக்குரியது. இருந்தாலும் தொடாமல் போக முடியவில்லை. தந்தையின் சுயசம்பாத்தியத்தில் 1956 முதலே மகளுக்குப் பங்குண்டு. தமிழகத்தில் 1989-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் கூட்டுக்குடும்பச் சொத்திலும் உரிமை வந்தது. வந்த உரிமை எங்கே போகிறது? விடுதலைப் பத்திரத்துக்குள் போகிறது. கொடை விழாவுக்கு வந்த அக்காவிடம் ஒரு பட்டுச்சேலையும் நான்கு தாளும் நீட்டப்படுகின்றன. கையெழுத்திடாவிட்டால் யாரும் அடிக்கப்போவதில்லை. மகள் திருமணத்துக்குத் தாய்மாமன் வரமாட்டான், அவ்வளவுதான். பிறந்த வீட்டு வாசல் மூடிக்கொள்ளும். திருநெல்வேலிச் சீமையில் தாய்மாமன் சீர் இல்லாத சடங்கு எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள் இதை ‘விருப்பத்தோடு விட்டுக்கொடுத்தல்’ என்று சொல்லமாட்டார்கள். அன்பை அறுப்பேன் என்ற அச்சுறுத்தலுக்கு எந்தச் சட்டத்தில் எடுத்துக்காட்டு இருக்கிறது?

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு புதிய வழியைத் திறந்தது. தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பேணாவிட்டால், அந்தக் கொடை மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாச் செல்வாக்காலோ பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். முதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம். வழக்குமன்றம் ஏறி அலைய வேண்டியதில்லை. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். நம் மாவட்டத்தில் திருநெல்வேலியும் சேரன்மகாதேவியும் அத்தகைய கோட்டங்கள்.

லியர் அரசனுக்கு இச்சட்டம் கிடைத்திருக்க வேண்டும். அவனும் நிபந்தனையோடுதான் கொடுத்தான்: நூறு வீரர், மகள்கள் வீட்டில் மாதமுறை. ஆம், நம் ஊர்ப் பெற்றோரை மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம் என்று மாற்றிமாற்றி வைத்திருக்கிறார்களே, அதே மாதமுறைதான். நூறு ஐம்பதாகி, இருபத்தைந்தாகி, கடைசியில் ஒருவர்கூட எதற்கு என்று மகள்கள் கேட்டதோடு அவன் புயலுக்குள் போனான்.

சிக்கல் அந்த ‘நிபந்தனை’யில் இருக்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்று காட்டினால்தான் 23-ஆம் பிரிவு பொருந்தும் என்றது. நம்பாதவர் நிபந்தனை எழுதுவார். அவருக்குச் சட்டம் காவல். முழுதாக நம்பியவர் எழுதமாட்டார்; அவருக்குக் காவல் இல்லை. எவ்வளவுக்கு நம்பினாரோ அவ்வளவுக்கு நடுத்தெரு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் தானத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓரடி முன்னே போயிற்று. நாகப்பட்டினத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த வீடு அது. அன்பினாலும் பாசத்தினாலும் கொடுக்கிறேன் என்ற சொற்களிலேயே பேண வேண்டும் என்ற நிபந்தனை உட்கிடையாக இருக்கிறது என்றது நீதிமன்றம். உரையாசிரியர்கள் மகிழக்கூடிய பொருள்கோள். குறிப்பெச்சம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போமே, அது.

தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு மிகப் பழைய ஒரு சான்று உண்டு. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியன் கல்வெட்டு, ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு. இளங்கோக்குடிக் கோயிலுக்கு மன்னன் 290 காசு கொடுக்கிறான். கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. காசு ஊர்ச் சபையார் கையில் இருக்க வேண்டும். முதலைத் தொடக் கூடாது. ஆண்டுதோறும் வட்டியாக வரும் 580 கலம் நெல்லைக் கொண்டு இறைவனுக்கு நாள்தோறும் நான்கு வேளை அமுது படைக்க வேண்டும். என்னென்ன படைக்க வேண்டும் என்றும் விரிவாக வெட்டிவைத்திருக்கிறான். கடவுளின் சோற்றுக்கே இத்தனை நிபந்தனை! அதே ஆற்றின் கரையில், ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பின், தன் ஒரு வேளைச் சோற்றுக்கு ஆச்சி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதச் சொல்வது மகனை ஐயுறுவதாகும் என்று நினைத்தார். சாட்சியாக உட்கார்ந்திருந்த நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

23-ஆம் பிரிவில் நமக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. அது பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததை முடிவு செய்கிறது. சோறு போட்டால் கொடை, போடாவிட்டால் தகாச் செல்வாக்கு. ஆனால் எல்டன் பிரபு கேட்ட கேள்வி கையெழுத்திட்ட நாளைப் பற்றியது. நன்றாகச் சோறு போடும் மகனும் அன்று கரைத்து வாங்கியிருக்கலாம். நேர்மையாகப் பெற்றவனும் பிறகு வேலையிழந்து கவனிக்க முடியாமல் போயிருக்கலாம். அத்துடன், ரத்து கோரும் மனுக்கள் எல்லாமே முதியவரின் மனத்திலிருந்துதான் எழுகின்றன என்று யார் உறுதி சொல்வது? இளையவன் எழுதி வாங்கியதை மூத்தவன் ‘எழுதிக் கொடுத்து’ ரத்து செய்விக்கும் வழக்குகளும் ஊரில் இல்லாமலில்லை. தாயின் கட்டைவிரல் இரண்டு தரப்புக்கும் பொதுவாகிப் போகிறது. ஆகவே காவல் வேண்டியது வாசலில்தான். வீடு போனபிறகு அன்று.

நம் கருத்து இது. அறுபது வயது கடந்த ஒருவர் தம் சொத்தின் பெரும்பகுதியைத் தாம் சார்ந்திருக்கும் ஒருவருக்கே கொடுத்தால், செல்வாக்கு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை பெற்றவரிடம் இருக்க வேண்டும். மகனானாலும் மகளானாலும் பேரனானாலும். கொடுப்பவரை உறவினர் எவரும் இல்லாத அறையில் அதிகாரி ஒருவர் கால்மணி நேரம் உட்காரவைத்துப் பேச வேண்டும். இது போனபின் உங்களிடம் என்ன மிச்சம் இருக்கும், உயில் எழுதலாம் என்று தெரியுமா, ஆயுள் பாத்தியதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டு, பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே பத்திரத்தோடு இணைக்க வேண்டும். ‘யாருடைய தூண்டுதலும் இன்றி’ என்ற அச்சடித்த வரியை நீக்கிவிடலாம். எல்லாப் பத்திரத்திலும் இருக்கும் ஒரு வரி எந்தப் பத்திரத்துக்கும் சான்றாகாது. குடும்பத்துக்குள் அரசு மூக்கை நுழைப்பதா என்று சிலர் சினப்பார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போனபோதே குடும்பம் அரசை அழைத்துவிட்டது. அப்படிக் கேட்டபின்னும் ‘தெரிந்தேதான் கொடுக்கிறேன்’ என்று சொல்லும் தாய்மார் பலர் இருப்பார்கள். அவர்களின் கொடை அப்போதுதான் கொடையாக நிற்கும்.

ஆச்சியின் வீடு மூன்றாம் ஆண்டில் விற்கப்பட்டது. இன்று அங்கே ஒரு செல்பேசிக் கடையும் மேல்தளத்தில் பயிற்சி மையமும் உள்ளன. பட்டாசலில் நடமாடிய ஆச்சி முதலில் தார்சாவுக்கும், பிறகு பங்கு கிடைக்காத பெண்மக்கள் வீட்டுக்கும் இடம் மாறினார். 23-ஆம் பிரிவைப் பற்றி அறிந்தவுடன் ஓடிப்போய்ச் சொன்னோம். மனுவை நாமே எழுதித் தருகிறோம் என்றோம். ஆச்சி நம்மைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பெத்த பிள்ளை மேல பிராது குடுக்கச் சொல்லுதியா ஐயா? நீதான அன்னைக்கிக் கையெழுத்துப் போட்ட?’ என்றார். அடுத்த ஆவணியில் இளைய மகள் வீட்டில் காலமானார். மாமா வந்து எல்லாக் காரியங்களையும் முறையாகச் செய்தார்.

சென்ற ஆண்டு மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. உடன் பணியாற்றும் நண்பரின் தந்தைக்கு எண்பத்தொன்று. வீட்டைத் தானமாக எழுதுகிறார். சாட்சிக்கு வர வேண்டும். போனோம். பெரியவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேசலாமா என்று கேட்டோம். நண்பரின் முகம் சற்றே மாறியது. ‘ராகு காலம் வந்துரும் சார், அதுக்கென்ன, இன்னொரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்றார். பத்திர எழுத்தர் வெளியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்திட்டார்.